போக்சோ மட்டும் போதாது

2025 ஜூலை 12 அன்று கும்மிடிப்பூண்டியை அடுத்த ஆரம்பாக்கத்தில், பள்ளி விட்டு வந்த சிறுமி தூக்கிச் செல்லப்பட்டு பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். கேமராவில் காட்சி பதிவாகியிருந்தும் ஒருவரைக் கைது செய்ய ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. பிடிபட்டவர் வடமாநிலத்தவர் என்றதும், வெளியூர் ஆட்களே ஆபத்து என்ற பேச்சு பரவியது.

ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு வேறு சொல்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவரே. சிப்காட் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோர் போய்விட்டால், சேரிப் பிள்ளைகளும் இருளர் பிள்ளைகளும் தனியாகத்தான் இருக்கிறார்கள். கை நீட்டுபவர் நிலத்துக்காரராகவோ, முன்பணம் கொடுத்த சூளைக்காரராகவோ இருந்தால் புகார் காவல் நிலையம் வரை போவதில்லை. ஊர்ப் பேச்சிலேயே முடிக்கப் பார்க்கிறார்கள். போக்சோ வழக்கில் சமரசத்துக்கு இடமே இல்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் மறைப்பவருக்கு 6 மாதம் வரை சிறை உண்டு.

பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைக்குப் போக்சோ மட்டும் போதாது. குற்றவாளி இச்சமூகங்களைச் சேராதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்க வேண்டும். 'சாதி தெரியாது' என்று அவர் தப்ப முடியாது. குடும்பத்தை அறிந்தவர் என்றால் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது 8(சி) பிரிவு. தெரிந்தவரே பெரும்பாலும் குற்றவாளி எனும்போது இந்தப் பிரிவின் பலம் நமக்குப் புரியும்.

அச்சட்டம் சேர்ந்தால் டிஎஸ்பியே விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும், முன்ஜாமீன் கிடையாது. ஜாமீன் மனுவில் குடும்பத்தின் பேச்சையும் நீதிமன்றம் கேட்க வேண்டும். அரசு நிவாரணத்தில் பாதி, மருத்துவ அறிக்கை உறுதி செய்ததும் வந்துவிடும். தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். 'பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்ற பதிலை ஏற்றால் இவை அனைத்தும் தள்ளிப்போகும்.

ஆகவே புகாரிலேயே சாதியை எழுதுவோம். எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கி, இரண்டு சட்டங்களும் இருக்கின்றனவா என்று படித்துப் பார்ப்போம். வாக்குமூலம் வாங்கச் சீருடை இல்லாத பெண் அதிகாரி வீட்டுக்கே வர வேண்டும்; குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. வழி தெரியாவிட்டால் 1098-ஐ அழைக்கலாம்.

குழந்தையின் பெயரும் படமும் வீடியோவும் வாட்ஸ்அப்பில் போவதும் குற்றமே. படித்த பிள்ளைகள் அதைப் பரப்பாமல், எஃப்ஐஆரைப் படித்துச் சொல்ல அந்தக் குடும்பத்தோடு போய் நில்லுங்கள்.