சேட்டையும் மூதேவியும்

உடவத்தகெலக் காட்டிலிருந்து கண்டிக் குளக்கரைக்கு இறங்கிவரும் குரங்குகள் மதிலினின்று மரத்துக்கும் மரத்தினின்று கூரைக்கும் தாவுவதைக் கண்டு, தானும் ஓரிடத்தில் நில்லாது துள்ளிய ஒரு குழந்தையை, 'சேட்டை விடாமல் நில்' என்று தாய் அதட்ட, அருகே நின்ற முதியவர் ஒருவர், 'பிள்ளையை அப்படிச் சொல்லாதே அம்மா, அது மூதேவியின் பேர்' என்று தடுத்ததை அண்மையில் கேட்டேன். இது அவரொருவர் அபிப்பிராயமன்று. கற்றோர் சிலரும் நம்பி வரும் கூற்றாதலின், அதை விசாரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

வடிவம் ஒன்றாயிருப்பதே அவர்கள் காட்டும் முதற் சான்று. வடமொழியில் மூத்தவள் என்று பொருள்பட்டு மூதேவிக்குப் பெயராகிய ஜ்யேஷ்டா வேறு, அசைவு என்று பொருள்படும் சேஷ்டா வேறு; ஜகரத்துக்குச் சகரமும் 'ஷ்ட' என்பதற்கு 'ட்ட' என்பதும் வருவது தமிழ் மரபாதலின், இரண்டும் சேட்டை என்னும் ஒரே வடிவை எய்தின. நஷ்டமும் நட்டமாயிற்று, ஆடலுக்கும் நட்டம் என்று பெயர். அதுகொண்டு தில்லைக் கூத்தனின் ஆடலை நஷ்டம் என்போமா? 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே வைத்திருக்கிறது. அகராதி வேண்டாமெனில், கண்டிக்கு அடுத்த பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லலாம்: அங்கே முதுநிலை விரிவுரையாளரின் பதவிப்பெயர் சிங்களத்தில் 'ஜ்யேஷ்ட' என்றே தொடங்குகிறது; உடலசைவைக் குறிக்கும் 'சேஷ்டா'வோ அம்மொழியில் வேறெழுத்தில் தொடங்கும் வேறு சொல். நமக்கு மயங்கிய இரண்டும் அயல்வீட்டு மொழியில் மயங்காமல் நிற்கின்றன. மலையாளத்தார் அண்ணனைச் சேட்டன் என்று அழைப்பதும் ஜ்யேஷ்டனின் வழி வந்ததே; அதில் அமங்கலம் ஏது?

மூதேவி புகுந்த வீட்டில் அமைதியிராது, ஆகவே அமைதியின்மைக்கு அவள் பெயர் வந்தது என்பது அடுத்த வாதம். பல்லவர், சோழர் காலத்துக் கோயில்களில் உள்ள அவள் திருவுருவங்களைப் பாருங்கள்: கனத்த வயிறும் தளர்ந்த மேனியுமாய்க் காக்கைக் கொடியோடு அமர்ந்திருக்கிறாள். சோம்பலும் உறக்கமும் அவளுக்கு உரியன என்பது நம் மக்களின் நம்பிக்கை. பொழுது விடிந்தும் பாயைச் சுருட்டாதவனைத்தான் மூதேவி பிடித்தவன் என்கிறோமேயன்றி, ஓயாது ஓடும் பிள்ளையை அவ்விதம் வைவதில்லை. அசையாதவளிடமிருந்து அசைவின் பெயர் பிறந்தது என்பது எனக்குச் சிறிதும் ஒவ்வவில்லை.

இச்சொல் ஆதியிலிருந்தே இழிபொருளுடையது என்பதும் பிழை. கௌதமரின் நியாய சூத்திரம் சரீரத்துக்கு இலக்கணம் கூறுகையில், சேஷ்டைக்கும் இந்திரியங்களுக்கும் அவற்றின் விஷயங்களுக்கும் இருப்பிடம் அது என்கிறது. உயிருள்ள உடலின் முதல் அடையாளமாகவே சேஷ்டை அங்கே பேசப்படுகிறது. கிரகங்களின் ஆறுவகைப் பலத்தில், அவற்றின் கதியால் அமைவதைச் சோதிடர் சேஷ்டா பலம் என்பர். இவை யாவற்றினும் வலிய சான்று நாமே வழங்கும் நிச்சேஷ்டை என்னும் சொல். மூர்ச்சித்து அசைவற்றுக் கிடப்பவனை நிச்சேஷ்டையாய்க் கிடக்கிறான் என்கிறோம். சேட்டை மூதேவியாயின், அவன் மூதேவி நீங்கியவனாகி, பாக்கியசாலியாகவன்றோ எண்ணப்படவேண்டும்!

அங்கங்களின் அசைவைக் குறித்த சொல், அளவு கடந்த அசைவுக்கும், அதிலிருந்து பிறர்க்குத் தொல்லை தரும் குறும்புக்கும் நகர்ந்தது. நம் நாட்டில் வலியச் சீண்டுவதையும் 'சேட்டை விடுதல்' என்கிறோம். இந்நகர்வுக்குத் தெய்வம் எதுவும் வேண்டியதில்லை. ஓடும் பிள்ளையும் களைத்த தாயும் போதும்.

ஆகவே, குளக்கரைப் பெரியவரைப் போன்றோரை நான் வேண்டுவது இதுவே: பிள்ளை சேட்டை செய்தால் கண்டியுங்கள், அல்லது ரசியுங்கள், அதன் துள்ளலுக்கு மூதேவியின் பெயரைச் சூட்டி அத்தாயின் மனத்தைப் புண்படுத்தாதீர்கள்.