முதியோர் கைக்கு எட்ட வேண்டும்

எழுபது வயது நிறைந்த அனைவருக்கும், வருமான வரம்பு ஏதுமின்றி, இலவச மருத்துவமனைச் சிகிச்சைக்கு வகை செய்யும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். திட்டத்தில் சேர்ந்த எந்த மாநிலத்திலும் அட்டை செல்லுபடியாகும். மும்பையில் ஒரு காலும் திருநெல்வேலியில் ஒரு காலுமாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை.

இந்த அட்டையைப் பெறும் முக்கிய வழிகளில் ஒன்று செல்போன் செயலி. டாக்டரைப் பார்க்க நேரம் குறிப்பது, பரிசோதனை முடிவை அறிவது, வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசுவது ஆகியவையும் வரவரச் செயலிக்குள் போய்விட்டன. கவுண்டரில் கால்கடுக்க நின்ற நிலை மாறுவது நல்லதுதான். ஆனால் அந்தச் சின்னத் திரை யாரை மனத்தில் வைத்து அமைக்கப்படுகிறது என்பதே கேள்வி.

இளமையில் தாராவியில் தோல் பதனிட்டு, பின்னர் கட்டட வேலை செய்து ஓய்ந்த ஒரு பெரியவரை எண்ணிப் பார்க்கலாம். சுண்ணாம்பும் சிமெண்டும் அவருடைய விரல் ரேகையைத் தேய்த்துவிட்டன. கருவி அவரை அடையாளம் காண மறுக்கிறது. ஓ.டி.பி. எண்ணோ மகனின் செல்போனுக்குப் போகிறது. மகன் தானேயில் ஷிப்டில் இருக்கிறார். இடைவேளையில் அவர் பார்த்துச் சொல்வதற்குள் எண் காலாவதியாகிவிடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. குறை அப்பாவிடமா இருக்கிறது?

நாற்பது வயதைக் கடந்தாலே கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கத் தொடங்கும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சள் பாரிக்கும். வெள்ளைத் திரையில் சாம்பல் நிற எழுத்து கரைந்து போகும். வறண்ட விரலைத் தொடுதிரை சரியாக உணராது. நடுங்கும் விரல் ஒரு முறைக்கு இரு முறை தொட்டுவிடும். இவை பெரும்பாலும் வயதின் இயல்பு, அறியாமை அல்ல.

இதற்கேற்பச் செயலியை அமைப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். எழுத்தை இரு மடங்கு பெரிதாக்கினாலும் திரை குலையக் கூடாது என்று இணையத் தளங்களுக்கான சர்வதேச நெறிமுறைகள் கூறுகின்றன. தொடும் பொத்தான் ஏறத்தாழ 9 மி.மீ. அளவாவது இருக்கட்டும் என்பது ஆண்ட்ராய்டு போன்களுக்கான வழிகாட்டுதல். ஒரு திரையில் ஒரு கேள்வி போதும். வெறும் படத்தைப் போட்டு விட்டுவிடாமல் பக்கத்தில் சொல்லையும் எழுத வேண்டும். தவறு நேர்ந்தால், அதுவரை பதிந்ததை அழிக்காமல், எந்த இடத்தில் தவறு என்று காட்ட வேண்டும். ஓ.டி.பி.க்குக் கூடுதல் அவகாசம் தர வேண்டும்.

மொழியும் முக்கியம். இந்தி சரளமாகப் பேசும் எத்தனையோ தமிழர்களுக்கு இந்தி எழுத்து படிக்க வராது. ஆகவே தமிழ் வேண்டும். அதுவும் வீட்டில் புழங்கும் தமிழாக இருக்க வேண்டும். "சமர்ப்பிக்கவும்" என்பதைவிட "அனுப்பு" என்றால் பாட்டிக்கும் விளங்கும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் நீளமான தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படுவதும் உண்டு. எழுபது வயதுக்காரர் ஒருவர் கையில் கொடுத்துப் பார்த்தால் இக்குறைகள் ஒரே நாளில் தெரிந்துவிடும். படிக்கத் தெரியாதவர்களுக்குத் திரையே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு பாடம் முன்பே கிடைத்திருக்கிறது. கொரோனா தடுப்பூசிக்கான கோவின் தளம் 2021-இல் தொடங்கியபோது ஆங்கிலத்தில்தான் இருந்தது. எல்லோராலும் இதைப் பயன்படுத்த முடியுமா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அவ்வாண்டு ஜூனில் தமிழ் உள்ளிட்ட மொழிகள் சேர்க்கப்பட்டன. தொடக்கத்திலேயே இதைச் செய்திருக்கலாம். கண் சிமிட்டச் சொல்லும் அடையாளச் சோதனையால் தவித்த பார்வையற்றோரும் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோரும் தொடுத்த வழக்குகளில், மின்னணுச் சேவையைப் பெறுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று 2025 ஏப்ரல் 30 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதியோருக்கும் இது பொருந்தும்.

செயலி எவ்வளவு திருந்தினாலும் சிலரால் அதைக் கையாள முடியாது. அவர்களுக்காக மருத்துவமனைகளில் ஒரு மேஜையும், பொறுமையாகப் பேசும் ஒரு மனிதரும் என்றும் இருக்க வேண்டும். 14555 என்ற உதவி எண்ணைப் பெரியவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். தமிழ்ச் சங்கங்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அட்டை பெற உதவலாம். முன்பின் தெரியாதவரிடம் ஓ.டி.பி.யைச் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்பிக்கலாம்.

ரேகை தேயும் வரை உழைத்த கைகள் அவை. உரிமையைப் பெறும் வேளையில் அவை வெறுங்கையாகத் திரும்பக் கூடாது. சம்பந்தப்பட்டவர்கள் உடனே ஆவன செய்வார்களாக!