அணுக்கருவும் அர்ச்சனைத் தட்டும்

திருக்கழுக்குன்றத்து மலையிலே, காசியிலிருந்து பறந்து வருவதாகச் சொல்லப்பட்ட கழுகுகளுக்கு நண்பகலில் பொங்கல் படைத்தனர். எத்தனை கல் தொலைவு அது, ஒரு பறவையால் இயலுமா என்று கேட்டவன் நாத்திகன்! கழுகுகள் வருவது நின்றுவிட்டது, கதையோ நிற்கவில்லை.

அதே செங்கற்பட்டு மண்ணில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தில் 1983-இல் அணுமின் உலை இயங்கத் தொடங்கிற்று. 1985-இல் அதனருகே சோதனை வேக ஈனுலையும் எழுந்தது. முன்னதற்குக் கனநீர் வேண்டும். பின்னதன் கருவிடத்திலே நீருக்கு இடமே இல்லை. உருகிய சோடியம் ஓடுகிறது. ஏன்?

இந்த 'ஏன்'தான் அணுக்கரு இயற்பியலின் அரிச்சுவடி. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் 235 என்ற வகை நூற்றுக்கு 0.7 பங்குதான். அதைப் பிளக்க நியூட்ரானின் வேகத்தைத் தணிக்க வேண்டும். சாதாரண நீர் தணிக்கும். ஆனால் நியூட்ரானை விழுங்கியும்விடும். கனநீர் தணிக்கும், மிகக் குறைவாகவே விழுங்கும். ஈனுலைக்கோ வேகம் குன்றாத நியூட்ரான் தேவை, ஆகவே சோடியம்.

முதுகலை வகுப்பிலே பிணைப்பாற்றல் வளைகோட்டை மனப்பாடமாக வரைகிறார்கள். அது கடைசியில் ஏன் தாழ்கிறது? அணுக்கருவிசை அண்டையிலிருப்பதை மட்டுமே பற்றும். மின்விலக்கமோ யுரேனியத்தின் 92 புரோட்டான்களையும் ஒன்றோடொன்று மோதவிடும். துகள் ஒன்றுக்கு யுரேனியத்தில் 7.6, பிளந்த துண்டுகளில் ஏறத்தாழ 8.5 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட். கழியுங்கள், 235-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 200 மில்லியன்! ஒரு கரியணு எரிந்தால் கிடைப்பது சுமார் 4 எலெக்ட்ரான் வோல்ட். கழித்தலும் பெருக்கலும் போதும், மந்திரம் வேண்டியதில்லை.

ஆனால் நம் நாட்டில் என்ன காண்கிறோம்? பிரம்மாஸ்திரமே அணுகுண்டு என்கிறார் ஒருவர். அணுவைப் பற்றி எங்கள் பாட்டி அன்றே பாடிவிட்டாள் என்று மார்தட்டுகிறார் நம்மவர் ஒருவர். இருவரையும் கேட்கிறோம்: சமன்பாடு எங்கே? சோதனை எங்கே? படித்தவனோ, கதிர்வீச்சு அளக்கும் கருவிக்கே குங்குமம் இட்டு எலுமிச்சை வைக்கிறான்! பட்டம் பெற்றான், பகுத்தறிவு பெற்றானா?

1938-இல் ஆன், ஸ்டிராஸ்மன் கண்ட விந்தையைப் 'பிளவு' என்று பிரிஷோடு சேர்ந்து விளக்கியவர் லீசு மைட்னர். யூதராய்ப் பிறந்ததற்காக அதே ஆண்டில் செருமனியை விட்டு ஓட நேர்ந்தவர் அவர்! பிறப்பைப் பார்த்து விரட்டிற்று ஓர் அரசு; பிறப்பைப் பாராது பணிந்தது அணுக்கரு.

உயர் இயற்பியல் தமிழில் வாராது என்போருக்கும் சொல்வோம்: மேலே கூறியதைத் தமிழில்தானே கூறினோம்! அடுத்த படியாகக் குவாண்டம் கணிதத்தையும் தமிழில் எழுதுவதே நம் வேலை.

தோழர்களே! 2006 முதல் கல்பாக்கத்திலேயே அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. அக்கடற்கரைச் சிற்றூர்ப் பிள்ளைகள் உலையின் வாயிலைக் காத்தால் போதாது. அதன் உள்ளத்தைக் கற்க வேண்டும். உலையால் தீங்கு வருமா, வராதா என்று ஊரார் கேட்கும்போது, அச்சத்தாலும் அல்ல, ஆணையாலும் அல்ல, அறிவால் விடை சொல்ல வேண்டும். நூலை எடுங்கள். வரிதோறும் கேளுங்கள்: ஏன்?