குற்றம் யந்திரத்திலா, இணைப்பிலா?



நெடுநாள் உழைத்த யந்திரம் ஒன்று திடீரென நின்றுவிட்டால், "பழையதாயிற்று, காயலான் கடைக்குத் தள்ளிவிடுவோம்" என்பார் ஒருவர். விலையுயர்ந்த உதிரிப்பாகத்தை வாங்கிவந்து மாட்டிப் பார்ப்பார் மற்றொருவர். இருவருமே நோயை அறியுமுன் தீர்ப்புக் கூறுகின்றவர்கள். அளந்து பார்க்காமல் பழிப்பது எத்துணைத் தவறு என்பதற்கு, அமெரிக்க நாட்டின் பழைய டிராக்டர் ஒன்றை இம்மாதம் சான்றாகக் கொள்வோம்.

1969-ஆம் ஆண்டில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 'எலெக்-டிராக்' என்னும் மின்சாரத் தோட்ட டிராக்டரை விற்பனைக்குக் கொணர்ந்தது. வீட்டைச் சூழ்ந்த புல்வெளியை வெட்டவும், குளிர்காலத்தில் வழியை மறைக்கும் பனியை அகற்றவும் அது பயன்பட்டது. பெட்ரோல் வேண்டுவதில்லை, புகையும் இல்லை. அதன் பெரிய வகைகளில் 6 வோல்ட் பேட்டரிகள் ஆறு, ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து 36 வோல்ட் தரும். 1970-களின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் இத்தொழிலைக் கைவிட்டது. ஆயினும், அரை நூற்றாண்டு கடந்தும் அவற்றுள் சில இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் பேணுவோர் கையாளும் முறை நமக்கும் பாடமாகும்.

வண்டி தளர்ந்து ஊர்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே மோட்டாரைக் கழற்றுவது பிழை. பேட்டரியிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு 6 வோல்ட் பேட்டரியில் மூன்று அறைகள் உண்டு; ஆறு பேட்டரிகளில் பதினெட்டு. அவற்றுள் ஓர் அறை பழுதுற்றாலும் அனைத்தின் ஓட்டமும் குன்றும். இங்கே ஏமாற்றம் ஒன்று உண்டு. ஓய்ந்திருக்கும்போது அளந்தால், நோயுற்ற பேட்டரியும் நலமுள்ளதுபோல் காட்டக்கூடும். ஆகவே, வண்டியைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தியவுடன், ஒவ்வொரு பேட்டரியையும் மல்டிமீட்டரால் தனித்தனியே அளத்தல் வேண்டும். மற்றவற்றினும் தாழ்ந்து நிற்பதே குற்றவாளி. முழுதும் சார்ஜ் ஏற்றியபின் ஹைட்ரோமீட்டரால் பார்த்தால், நல்ல அறையின் அமிலம் ஏறத்தாழ 1.270 காட்டும், ஓர் அறை மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் பழுது அதில்தான்.

பேட்டரிகள் நலமெனில், அடுத்து இணைப்புகளை நோக்குக. டெர்மினல்களில் வெண்மையாகவோ பசுமையாகவோ படியும் உப்பு, மின்னோட்டத்தைத் தடுக்கும். தடையுள்ள இடம் சூடேறும். ஓட்டி நிறுத்தியபின் புறங்கையை அருகே கொண்டுசென்றால் அது தெரியும். முதன்மை இணைப்பைக் கழற்றிவிட்டு, பேட்டரி மூடிகள் இறுக மூடியிருப்பதை உறுதிசெய்து, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, மீண்டும் இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும்.

வண்டி சிறிதும் அசையவில்லையாயின் காதைப் பயன்படுத்துக. பின்சக்கரங்களை உயர்த்தி உறுதியாக முட்டுக்கொடுத்து, சாவியைத் திருப்பி மிதியை அழுத்துங்கள். ரிலே 'டிக்' என்று ஒலித்தும் மோட்டார் சுழலாவிடில், ரிலேயின் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். அன்றி, மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கலாம். ஒலியே இல்லையெனில் பியூஸ், சாவி, பிரேக் மிதியின் சுவிட்சு ஆகியவற்றைத் தேடுக. பாதுகாப்புச் சுவிட்சு பழுதெனில் புதிது பொருத்துங்கள். கம்பி கொண்டு அதைக் கடந்து இணைத்துவிடாதீர்கள். சில ரூபாய்ப் பொருளைத் தவிர்க்கப்போய்க் காலை இழக்க நேரிடும்.

36 வோல்ட் உலர்ந்த கையை அநேகமாகத் தாக்காது என்பது உண்மையே. ஆனால், ஒரு ஸ்பேனர் இரு முனைகளையும் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். மோதிரமும் கைக்கடிகாரமும் அணிந்து வேலை செய்யலாகாது. சார்ஜ் ஏறுகையில் வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும் தன்மையது. அருகே பீடியும் தீக்குச்சியும் கூடாது.

இவற்றைப் படிக்கும் நீங்கள், "எங்களுக்கும் அமெரிக்க டிராக்டருக்கும் என்ன தொடர்பு?" என்று வினவலாம். மின்தடையின்போது உங்கள் வீட்டில் விசிறியைச் சுழற்றும் இன்வெர்ட்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அதன் அருகே இருப்பதும் இதே ஈய-அமிலப் பேட்டரிதான். அதன் டெர்மினல்களை இறுதியாக எப்பொழுது துடைத்தீர்கள்? நீர் ஊற்றும் வகையாயின், அளவு குறைந்தபோது காய்ச்சி வடித்த நீரையன்றிக் குழாய்நீரை ஊற்றினீர்களா?

"பேட்டரி போய்விட்டது" என்று பணத்தை எண்ணுவதற்கு முன், அடுத்த மின்தடை வருவதற்கும் முன், ஒரு கால்மணி நேரம் அதனருகே அமருங்கள். போனது பேட்டரியன்று, தளர்ந்தது ஒரு திருகாணியே என்று காணும் மகிழ்ச்சி உங்களுக்கும் வாய்க்கலாம்.