கிராம் கணக்கில் ஒரு நீதி

1986 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணி, மேரிலாண்ட் பல்கலைக்கழக வீரர் லென் பயஸைத் தேர்ந்தெடுத்தது. 19ஆம் நாள் காலை அவர் உயிருடன் இல்லை. அகவை 22. விடுதி அறையில் நண்பர்களோடு கோகைன் உட்கொண்டிருந்தார். இதயத்துடிப்பு நிலைகுலைந்தே மாண்டார் என்றது பிணக்கூறாய்வு.

அவருடைய கட்டுடல் அவரைக் காக்கவில்லை, காக்கவும் இயலாது. நரம்புகள் சுரக்கும் டோபமைனும் நார்அட்ரினலினும் மீண்டும் உறிஞ்சப்படாதபடி கோகைன் தடுக்கிறது. முன்னது களிப்பில் ஆழ்த்தும். பின்னது நாடியை முடுக்கிக் குருதியழுத்தத்தை ஏற்றும். இதயம் மிகுதியான உயிர்வளிக்குத் தவிக்கும் அந்நேரம் பார்த்து, அதற்குக் குருதி கொணரும் தமனிகள் இறுகுகின்றன. போதாக்குறைக்கு, இதயத்தசையின் சோடியம் வாயில்களும் அடைபட்டுத் துடிப்பின் ஒழுங்கு குலைகிறது. (1884இல் வியன்னாவின் கண் மருத்துவர் கார்ல் கோல்லர் கோகைனால் கண்ணை மரக்கச் செய்து அறுவைக்கு வழிகண்டதும் நரம்புகளில் நேரும் இதே அடைப்பால்தான்.) உட்கொண்ட முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ 24 மடங்கு உயர்வதாக 1999இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. மதுவும் சேர்ந்தால் கல்லீரலில் கோகாஎத்திலீன் உருவாகி, நெடுநேரம் தங்கி இதயத்தை வருத்தும்.

பயஸின் சாவு நாட்டை உலுக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அதிபர் ரீகன் கையொப்பமிட்ட சட்டம், கட்டி வடிவக் கோகைனான 'கிராக்' 5 கிராம் விற்றவருக்கு ஐந்தாண்டுச் சிறையைக் கட்டாயமாக்கியது. தூளாயின் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும்! பயஸ் உட்கொண்டதோ தூள். இரண்டும் ஒரே நஞ்சு. இதயம் வேறுபாடு அறியாது. சட்டம் அறிந்தது, கிராக் வழக்குகளில் சிறை சென்றோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தார். நூறு மடங்கு வேறுபாடு 18 மடங்காகக் குறையவே 2010 வரை ஆயிற்று. அதையும் ஒழிக்கும் முன்வரைவைக் கீழவை 2021இல் ஏற்றது, மேலவை ஏற்கவில்லை. வெட்கக்கேடு.

சட்டமன்றங்கள் கிராம்களை நிறுத்துக்கொண்டிருக்க, கோகைன் அடிமைத்தனத்துக்கென ஏற்பளிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட இன்னும் வரவில்லை. சிறுநீர்ச் சோதனையில் தேறியவருக்குச் சிறு பரிசுச் சீட்டு வழங்கி, உளவள ஆலோசனையும் தரும் முறையே இன்றளவும் நற்பலன் காட்டுகிறது. ஆயினும் அதற்குப் பணம் ஒதுக்க அரசியலார் தயங்குகின்றனர். போதைக்கு ஆட்பட்டவனுக்குப் பரிசா என்று சினப்போர், அவனை ஐந்தாண்டு சிறையில் வைத்துச் சோறிட ஆகும் செலவை முதலில் கணக்கிட்டுச் சொல்லட்டும்.