தமிழ்ப் பெயரா குற்றவாளி? – ஒரு கோப்புத் தேர்வுப் பெட்டியின் கதை

நெடுநாள் கழித்து எழுதுகிறேன். பள்ளி விடுமுறையில் எழுதலாம் என்று தள்ளி வைத்திருந்த செய்திதான். ஆனால், சென்ற வாரம் ஆசிரியர்கள் குழுவில் புலனம் வழியாக ஓர் அறிவிப்பு வலம் வந்தது. அதைப் படித்த பின்னர் விடுமுறை வரை பொறுத்திருக்க மனம் இடங்கொடுக்கவில்லை.

அறிவிப்பின் சாரம் இதுதான்: “மாணவர் படைப்புகளை இணையத்தில் பதிவேற்றும்போது கோப்புகளுக்குத் தமிழில் பெயர் இடாதீர்கள். தமிழ்ப் பெயர் இருந்தால் கோப்பு ஏறாது. ஆங்கிலத்திலோ மலாயிலோ பெயரிடுங்கள்.” அதன்கீழ் நம் ஆசிரியப் பெருமக்கள் பலர் கைகூப்பி நன்றி தெரிவித்திருந்தனர். ஒருவர்கூட “ஏன் ஏறாது?” என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில், இந்த அறிவிப்புக்கு வித்திட்ட நிகழ்வு எங்கள் பள்ளிக் கணினி அறையில்தான் நடந்தது. அதில் என் பிழையும் பாதி இருக்கிறது.

எங்கள் பள்ளி ஈப்போவிலிருந்து அரைமணி நேரத் தொலைவில், பால்மரத் தோட்டமாக இருந்து பின் செம்பனையாக மாறிப்போன ஓர் இடத்தில் இருக்கிறது. லயங்கள் போய்விட்டன. பள்ளி மட்டும் நிற்கிறது. நூற்றைம்பது மாணவருக்கும் குறைவான பள்ளி என்பதால் புதுக் கணினிகள் எங்களைத் தேடி வருவதில்லை. நகரத்தில் ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கணினிகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் வாங்கி வந்து கொடுத்தனர். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தக் கணினிகளில் முறைப்படி ஏறாது, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும், அதற்கேற்ற செயலியும் வேண்டும் என்கிறது அது. இரண்டும் இவற்றில் இல்லை. ஆகவே, உபுண்டுவின் இலேசான வகையாகிய சுபுண்டுவை நானே நிறுவினேன். கணினிகள் உயிர் பெற்றன. மாணவர்கள் தமிழில் தட்டச்சு செய்தனர். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரும் சூட்டினர்.

அதன் பின்னர்தான் வந்தது வினை. மாணவர்களின் சிறுகதைகளைப் போட்டி ஒன்றுக்கு இணையம் வழி அனுப்ப வேண்டியிருந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியில் ‘பதிவேற்று’ என்னும் பொத்தானை அழுத்தினால் கோப்புத் தேர்வுப் பெட்டி திறக்க வேண்டும் அல்லவா? திறக்கவில்லை. அழுத்தினோம், காத்திருந்தோம், மீண்டும் அழுத்தினோம். ஒன்றும் வரவில்லை. உடனிருந்த ஆசிரியர் ஒருவர் வேறு வழி கண்டார். கோப்பைச் சுட்டியால் பிடித்து இழுத்து வந்து வலைப்பக்கத்தின்மேல் போட்டார். அவருடைய பாடத்திட்டக் கோப்பு ஏறிவிட்டது. மாணவர்களின் கதைகளை அவ்வாறே இழுத்துப் போட்டார். ஏறவில்லை. அவருடைய கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில். மாணவர் கோப்புகளின் பெயர் தமிழில். தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. “ஐயா, தமிழ்ப் பேரு வச்சா ஏறாது போல” என்றார். அது புலனத்திற்குப் போயிற்று, அறிவிப்பாயிற்று, ஏறக்குறைய சட்டமும் ஆயிற்று.

அன்று மாலை மாணவர்கள் போன பின்னர் நான் தனியே உட்கார்ந்து ஓர் எளிய சோதனை செய்தேன். நான்காம் ஆண்டு அறிவியலில் நாம் கற்பிக்கும் அதே ஆய்வு முறைதான்: ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை. மாணவி ஒருத்தியின் தமிழ்ப் பெயர்க் கோப்பை எடுத்து என் ஆவணக் கோப்புறைக்குள் போட்டு, அங்கிருந்து இழுத்துப் பக்கத்தில் போட்டேன். ஏறியது! பின்னர் ஆசிரியரின் ஆங்கிலப் பெயர்க் கோப்பை மாணவர்களின் பொதுக் கோப்புறைக்குள் போட்டு அங்கிருந்து இழுத்தேன். ஏறவில்லை! ஆக, பெயருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கோப்பு எந்த மொழியில் பெயர் பெற்றிருந்தது என்பதைப் பற்றி அந்த உலாவிக்குக் கவலை இல்லை. கோப்பு எங்கே இருந்தது என்பதுதான் சிக்கல்.

காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04 முதல், அத்தளத்தில் ஃபயர்பாக்ஸ் ‘ஸ்னாப்’ என்னும் பொதியாகவே வருகிறது. ஸ்னாப் பொதிக்குள் இருக்கும் செயலி வேலிக்குள் இருப்பது போன்றது. பயனரின் இல்லக் கோப்புறையைப் பார்க்கும்; அதற்கு வெளியே கண்ட இடத்தையெல்லாம் பார்க்காது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, அதில் தவறில்லை. நான் செய்த பிழை என்னவெனில், மாணவர் அனைவரும் பயன்படுத்தட்டும் என்று இரண்டாவது வன்தட்டை இல்லக் கோப்புறைக்கு வெளியே, வேரடியில் ஒரு தனி இடத்தில் பொருத்திப் பொதுக் கோப்புறையாக வைத்திருந்தேன். கோப்பு மேலாளரில் அது நன்றாகத் தெரியும். வேலிக்குள் இருக்கும் உலாவிக்கோ அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது.

வேலிக்கு வெளியே உள்ள கோப்பை உலாவி பெறுவதற்கென்றே முறையான வாசல் ஒன்று உண்டு. அதன் பெயர் எக்ஸ்.டி.ஜி. டெஸ்க்டாப் போர்ட்டல். நாம் பொத்தானை அழுத்தும்போது தேர்வுப் பெட்டியைத் திறப்பது உலாவி அன்று, இந்த வாசற்காவலர். வேலிக்கு வெளியே நின்று பெட்டியைத் திறந்து, நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்த ஒரு கோப்பை மட்டும் உள்ளே கொடுக்கிறார். ஆக, பெட்டி திறந்திருந்தால் பொதுக் கோப்புறையிலிருந்தே கோப்புகள் ஏறியிருக்கும். பெட்டி ஏன் திறக்கவில்லை? போர்ட்டலுக்குப் பின்முனை என்று ஒன்று வேண்டும். திரைமுகப்புக்குத் திரைமுகப்பு அது வேறுபடும்: குனோமுக்கு ஒன்று, கே.டி.இ.க்கு ஒன்று, எங்களுடைய எக்ஸ்எஃப்சிஇ போன்றவற்றுக்கு ஜி.டி.கே. சார்ந்த ஒன்று. வேறு ஏதோ மென்பொருளை நிறுவியபோது குனோமுக்கான பின்முனையும் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது. குனோம் இல்லாத இடத்தில் அது வேலை செய்யாது. ஆனால் அழைப்பை ஏற்றுக்கொண்டு வாளாவிருந்தது. அதை நீக்கி, ஜி.டி.கே. பின்முனை இருக்கிறதா என்று உறுதி செய்து, வெளியேறி மறுபடி உள்நுழைந்தேன். பெட்டி உடனே திறந்தது. கதைகள் அனைத்தும் தமிழ்ப் பெயரோடு ஏறின.

ஸ்னாப் அல்லாத ஃபயர்பாக்ஸ் வைத்திருப்போர்க்கு ஒரு குறிப்பு. முகவரிப் பட்டையில் ‘அபௌட்:கான்ஃபிக்’ எனத் தட்டி (ஆங்கில எழுத்தில்தான், இதைத் தமிழில் தட்டினால் உண்மையிலேயே ஏறாது!) ‘ஃபைல்-பிக்கர்’ என்று தேடினால், போர்ட்டல் என்னும் சொல்லோடு கூடிய அமைப்பு ஒன்று கிடைக்கும். அதன் மதிப்பு 0 எனில் போர்ட்டலைப் பயன்படுத்தாது. 1 எனில் எப்போதும் பயன்படுத்தும். 2 எனில் தானே முடிவு செய்துகொள்ளும். பெட்டி திறக்காதோர் 0 இட்டுப் பார்க்கலாம். கே.டி.இ. பயன்படுத்துவோர் தம் திரைமுகப்பின் பெட்டியே உலாவியிலும் வரவேண்டுமென்றால் 1 இடலாம்.

கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் இதுவரை படித்து மகிழ்ந்திருக்கக் கூடும். அவர்களுக்கும் ஒரு சொல். ஜி.டி.கே. தேர்வுப் பெட்டியில் படங்களைச் சிற்றுருவமாகக் காட்டுங்கள் என்று பயனர்கள் கேட்டது 2004இல். அது வெளியீட்டில் வந்தது 2023 மார்ச்சில், ஜி.டி.கே. 4.10இல். பத்தொன்பது ஆண்டு! அன்று முதலாம் ஆண்டில் சேர்ந்த குழந்தை பட்டதாரியாகியிருக்கும். விளையாட்டுப் போட்டி நாளின் இருநூறு படங்களில், எண் மட்டுமே பெயராக உள்ள கோப்புகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயன்ற ஆசிரியை எவரேனும் “லினக்ஸ் வேண்டாம் சார்” என்றால், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பழைய கணினிகளில் அந்தப் பெட்டி இன்னும் ஜி.டி.கே. 3ஐச் சார்ந்ததுதான். அவரவர் வசதிக் குறைவைப் பொறுத்துக்கொள்வதே கொள்கைப்பற்று என்று பேசுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

சரி, தமிழ்ப் பெயரால் சிக்கலே வராதா என்றால், வரும். மறைக்க மாட்டேன். இரண்டு இடங்களில் வரும்.

ஒன்று, நீளம். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘கொக்கு’ என்று எழுதினால் கண்ணுக்கு எழுத்து மூன்று, கணினிக்குக் குறியீடு ஆறு, பைட்டு பதினெட்டு. ஆக, தமிழில் 85 குறியீடுகளோடு பெயர் முடிந்தாக வேண்டும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறை வேறுவிதமாக எண்ணுவதால் அங்கே நீண்ட பெயர்கள் நிற்கும். அதனால்தான் அங்கே உருவாக்கி விரலியில் கொண்டுவந்த கோப்பு சில வேளை இங்கே நகலெடுக்க மறுக்கிறது. தீர்வு, பெயரைச் சுருக்குவது. கட்டுரைத் தலைப்பு முழுவதையும், மாணவர் பெயரையும், பள்ளியின் முழுப்பெயரையும் கோப்புப் பெயராக வைக்கும் நம் வழக்கத்திற்கு இது எந்த மொழியிலும் நல்லதே.

மற்றொன்று சற்று நுட்பமானது. ஒகர உயிர்மெய்யை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம்: ஒகரக் குறி ஒன்றாகவோ, எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவோ. ஒகரம் மட்டுமன்று, ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே நிலைதான். பார்வைக்கு ஒரே ‘கொடி’. இரண்டும் சமமே என்று ஒருங்குறித் தரம் சொல்கிறது. லினக்ஸ் கோப்பு முறையோ பெயரை வெறும் பைட்டு வரிசையாகவே பார்க்கும். அதற்கு இவை இரு வேறு பெயர்கள். மேக் கணினிகளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்பை நாம் தேர்வுப் பெட்டியில் தட்டச்சு செய்து தேடினால் கிடைக்காமல் போகலாம். ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு ‘கொடி’ நிற்கவும் கூடும். மறுபெயரிட்டு ஒருமுறை தட்டச்சு செய்தால் தீர்ந்தது. இதுவும் தமிழின் குற்றமா? பிரெஞ்சு மொழியின் குறியிட்ட எழுத்துகளுக்கும் இதே தொல்லை உண்டு. பிரெஞ்சு ஆசிரியர் எவரும் தம் மாணவரிடம் “இனிப் பிரெஞ்சில் பெயர் வைக்காதே” என்று சொல்லியிருப்பார் என நான் நினைக்கவில்லை.

என் வருத்தமெல்லாம் இங்கேதான். தமிழ் 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001இல் தமிழ் இணைய மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே நடத்தினோம். இவ்வளவும் செய்த நாம், ஒரு பெட்டி திறக்காதபோது முதலில் ஐயுற்றது நம் மொழியை. வன்தட்டை ஐயுறவில்லை, உலாவியை ஐயுறவில்லை, அதை நிறுவிய என்னையும் ஐயுறவில்லை. தமிழ் என்பதால்தான் இருக்கும் என்று நம்ப நமக்குச் சான்றே தேவைப்படவில்லை. கணினித் தமிழ் பற்றி மேடையில் முழங்குவோர் அனுப்பும் அழைப்பிதழ்க் கோப்பின் பெயரையும் பார்த்திருக்கிறேன்: ‘ஜெம்புத்தான் ஃபைனல் 2’.

அறிவிப்பு வந்த மறுநாள், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் கதைக் கோப்பின் பெயரை மாற்றிக்கொண்டிருந்தாள். ‘பாட்டியின் பால்வாளி’ என்பது அவள் வைத்த பெயர். அவளுடைய கொள்ளுப்பாட்டி பால்வெட்டிய காலத்தைப் பற்றிய கதை. அதை அழித்துவிட்டு ‘கராங்கான் 1’ என்று தட்டிக்கொண்டிருந்தாள். “ஏனம்மா மாற்றுகிறாய்?” என்றேன். “தமிழ்னா கம்ப்யூட்டருக்குப் புரியாதாம் ஐயா” என்றாள். எட்டு மணிக்கு வந்த புலனச் செய்தி பத்து மணிக்குள் ஒன்பது வயதுப் பிள்ளையின் காதுக்கு எட்டிவிட்டது.

கணினி அறிந்தவர் சொன்னார் என்பதற்காக ஆராயாமல் அறிவிப்பு விடுவோர் இதைத்தான் கணக்கில் எடுப்பதில்லை. அவர்கள் கொடுத்தது தொழில்நுட்ப அறிவுரை என்று எண்ணுகிறார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டதோ மொழியைப் பற்றிய பாடம். வகுப்பில் ஆண்டு முழுவதும் நான் கற்பிப்பதை அந்த ஒற்றை வரி எளிதாகக் கவிழ்த்துவிடும்.

என் சோதனையையும் காரணத்தையும் சுருக்கி அதே குழுவில் எழுதினேன். இருவர் கட்டைவிரல் காட்டினர். ஒருவர், “எதற்கு வம்பு சார், ஆங்கிலத்தில் வைத்துவிட்டால் சிக்கலே இல்லையே” என்று பதிலிட்டார். அறிவிப்பை விடுத்தவர் இன்றுவரை அதைத் திரும்பப் பெறவில்லை. ‘பாட்டியின் பால்வாளி’ அந்தப் பெயரிலேயே போட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. ஏற்பாட்டாளரின் பெற்றுக்கொண்டோம் என்னும் மடலிலும் கோப்பின் பெயர் தமிழில் பிழையின்றி இருந்தது. அந்த மடலின் படத்தை எடுத்துக் குழுவில் இடப்போகிறேன். ஐயமுள்ளவர்கள் மறுமொழிப் பகுதியில் எழுதுங்கள். உங்கள் கணினியில் பெட்டி திறக்கவில்லை என்றால், எந்த இயங்குதளம், எந்தத் திரைமுகப்பு, கோப்பு எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் குறிப்பிடுங்கள்.