வரிசையில் நிற்கும் கூரைகள்

வீடு கட்ட அரசு மானியம் தருகிறது என்ற செய்தி வந்தால், கேரளத்தின் தென்கோடிக் கிராமங்களில் தொகையைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். அடுத்த கேள்விதான் நீளும்: பட்டியலில் எத்தனாவது பெயர்? நெய்யாற்றின்கரை தாலுகாவில், ஒரு பக்கம் தென்னந்தோப்பும் மறுபக்கம் அடிமலத்துறைக் கடற்கரையுமாக இருக்கும் கோட்டுகால் பஞ்சாயத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

இது எல்லைப் பிரதேசம். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழகத்துடன் சேர்க்கக் கேட்ட 9 தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகம் வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் பாறசாலைக்கு அந்தப் பக்கமும் ஓலைக் குடிசை ஒரே மாதிரிதான் ஒழுகும். ஆனால் அதை மாற்றித் தரும் அரசும், அதற்கான விதிகளும் வேறு வேறு.

கேரளத்தில் இந்தக் கதை 1972இல் தொடங்குகிறது. அச்சுத மேனன் அமைச்சரவையில் வீட்டுவசதித் துறையைக் கவனித்த எம்.என்.கோவிந்தன் நாயர், பஞ்சாயத்துக்கு 100 வீடு என்ற கணக்கில் ஒரு லட்சம் வீடுகள் கட்டப் புறப்பட்டார். மாணவர்களும் இளைஞர்களும் கூலி வாங்காமல் மண் சுமந்தார்கள். வீடுகளின் எண்ணிக்கை லட்சத்தைத் தொடவில்லை. பெயர் மட்டும் நிலைத்தது. கேரளத்தில் இன்றும் 'லட்சம் வீடு காலனி' என்றால் தெரியாதவர் இல்லை. செலவைக் குறைக்க, ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகளாகப் பல கட்டப்பட்டன. அந்தச் சுவர் பின்னால் ஒரு வழக்காக வளரும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

யாருக்கு வீடு என்பதை முடிவு செய்யும் முறை மாறியது 1990களில். 1994இல் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் வந்தது. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவிகிதம் உள்ளாட்சிகளுக்குப் போகும் என்ற அறிவிப்பு அன்று பலரை மலைக்க வைத்தது. பணம் போன இடத்துக்கு விண்ணப்பங்களும் போயின. அவற்றை வரிசைப்படுத்தும் வேலை கிராம சபையிடம் வந்தது. கேரளத்தில் கிராம சபை வார்டு அளவில் கூடுகிறது. வாக்காளர்களில் 10 சதவிகிதம் பேர் வந்தாக வேண்டும். பயனாளிகளின் முன்னுரிமை வரிசையைச் சபை தீர்மானித்துவிட்டால், பஞ்சாயத்துக் குழு அதை இஷ்டப்படி மாற்ற முடியாது. வார்டு உறுப்பினரின் சிபாரிசுக் கடிதத்துக்குச் சட்டம் வைத்த பூட்டு அது.

பூட்டு எல்லாக் கதவுக்கும் பொருந்தவில்லை என்பது வேறு விஷயம். விண்ணப்பித்தவர்கள் சபைக்குத் தவறாமல் வருகிறார்கள். வீடு கிடைத்ததும் வரவு குறைகிறது. எதுவும் தேவைப்படாத நடுத்தர வர்க்கம் முதலிலிருந்தே வருவதில்லை. ஊரைப் பற்றி விவாதிக்க ஏற்பட்ட கூட்டம், பட்டியல் படிக்கும் கூட்டமாகச் சுருங்கிவிட்டது என்ற குறை நெடுநாளாகவே இருக்கிறது. ஆனாலும் பெயரை உரக்கப் படிப்பதில் ஒரு நன்மை உண்டு. மாடி வீட்டுக்காரர் பெயர் குடிசைப் பட்டியலில் வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நிற்பார். எந்த ஆடிட்டரும் அவ்வளவு வேகமாகக் கண்டுபிடிக்க மாட்டார்.

2016-17இல் கேரள அரசு சிதறிக் கிடந்த வீட்டுத் திட்டங்களை 'லைஃப் மிஷன்' என்ற பெயரில் ஒன்றாக்கியது. பாதியில் நின்ற வீடுகள் முதலில், நிலம் இருந்தும் வீடு இல்லாதவர்கள் அடுத்து, நிலமே இல்லாதவர்கள் அதற்கும் அடுத்து என்று மூன்று கட்டங்கள். ஒரு வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய். 2020இல் புதிய விண்ணப்பங்கள் கேட்டபோது 9 லட்சத்துக்கு மேல் குவிந்தன. கள விசாரணை, இரண்டு கட்ட மேல்முறையீடு, கிராம சபை ஒப்புதல் எல்லாம் முடிந்து பட்டியல் முடிவாக 2022 ஆகிவிட்டது. மாற்றுத்திறனாளி உள்ள குடும்பம், தீராத நோயாளி உள்ள குடும்பம், விதவை நடத்தும் குடும்பம் ஆகியவற்றுக்கு முன்னுரிமை. கணக்கு நியாயமானதே.

சிக்கல் 'குடும்பம்' என்ற சொல்லில் இருந்தது. ஒரு ரேஷன் அட்டை என்றால் ஒரு குடும்பம் என்றது விதி. ஒரே கூரையின் கீழ் அண்ணனும் தம்பியும் தனித்தனி அடுப்பு மூட்டினாலும் அட்டை ஒன்றாக இருந்தால் இருவரும் ஒரே விண்ணப்பதாரர். இட நெருக்கடி எங்கே அதிகமோ, அங்கேதான் இந்த விதி அதிகம் உறுத்தியது.

கடற்கரையில் இன்னொரு அளவுகோல். ஓதக்கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் மீனவர்களை இடம் மாற்ற 'புனர்கேஹம்' திட்டம் வந்தது. 18,685 குடும்பங்கள், 2,450 கோடி ரூபாய். குடும்பத்துக்கு 10 லட்சம்: நிலத்துக்கு 6, வீட்டுக்கு 4. தொகை தாராளமானது. ஆனால் கடல் நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. இன்று அறுபதாவது மீட்டரில் இருக்கும் வீடு இரண்டு மழைக்காலம் கழித்து நாற்பதாவது மீட்டரில் இருக்கலாம். 6 லட்சத்துக்குக் கிடைக்கும் நிலமோ பல நேரங்களில் கடலிலிருந்து வெகுதூரம். வள்ளமும் வலையும் கரையில், குடும்பம் உள்நாட்டில் என்றால், விடியுமுன் தொழிலுக்குப் போகிறவருக்கு அந்த வீடு பாதி வீடுதான்.

பணம் யாருடையது என்பதிலும் தகராறு. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கிராமப்புற வீடு ஒன்றுக்கு 1.20 லட்சம், அதில் மத்திய அரசின் பங்கு 60 சதவிகிதம், அதாவது 72,000 ரூபாய். 4 லட்சத்தில் மிச்சத்தை மாநிலமும் உள்ளாட்சிகளும் கடனும் சேர்ந்து நிரப்புகின்றன. மத்தியத் திட்டத்தின் பெயரையும் சின்னத்தையும் வீட்டில் பதிக்க வேண்டும் என்று டெல்லி சொல்ல, ஏழையின் வீட்டில் 'இது தானம்' என்று எழுதி வைப்பதா என்று திருவனந்தபுரம் மறுத்தது. கௌரவம் பற்றிய அந்த வாதம் சரியானது. ஆனால் இரு அரசுகளும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது மழை காத்திருக்கவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை பழுது பார்ப்பதில் இருக்கிறது. புதிய வீட்டுக்கு அடிக்கல் உண்டு, சாவி வழங்கும் விழா உண்டு. ஓட்டை மாற்றுவதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. 1999இல் இந்திரா வீட்டுத் திட்டத்தின் நிதியில் 20 சதவிகிதம் பழைய வீடுகளை மேம்படுத்த ஒதுக்கப்பட்டது. பின்னால் வந்த திட்டங்களின் கவனம் புதிய வீடுகளின் எண்ணிக்கையில்தான். கேரளத்தில் சிறுபான்மைச் சமூகத்து விதவைகளுக்கும் மணமுறிவு பெற்றவர்களுக்கும் வீட்டைச் சீர்படுத்த 50,000 ரூபாய் தரும் இம்பிச்சி பாவா திட்டம் போன்றவை உள்ளன. இவை தனித்தனித் தீவுகள்.

லட்சம் வீட்டு இரட்டை வீடுகளில் இந்தப் பாரபட்சம் வெளிச்சமாகிறது. ஒரு பாதிக்கு மானியம் கிடைத்து, மறு பாதியின் பெயர் பட்டியலில் பின்னால் இருந்தால் என்ன செய்வது? நடுச்சுவரை இடித்தால் அடுத்தவர் வீடு சாயும். இடிக்காவிட்டால் தன் வீடு எழாது. இரட்டை வீட்டை ஒற்றை வீடாக்கப் பணம் தரும்போது இரண்டு குடும்பங்களையும் ஒரே ஆண்டில் எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். தனி மனிதர்களை வரிசைப்படுத்தும் பட்டியலுக்குச் சுவரைப் பார்க்கத் தெரியாது.

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழகம் 2024இல் கலைஞர் கனவு இல்லத் திட்டத்தை அறிவித்தது: வீட்டுக்கு 3.5 லட்சம், 2030க்குள் 8 லட்சம் வீடுகள். அதே ஆண்டில் பழைய ஊரக வீடுகளைப் பழுது பார்க்கவும் தனித் திட்டம் வந்தது. தொகுப்பு வீடுகளில் கம்பி தெரியும் கூரைக்குக் கீழே படுத்துப் பழகியவர்களுக்கு இது தாமதமான நல்ல செய்தி. இந்த ஒரு விஷயத்தில் நெய்யாற்றின்கரை, விளவங்கோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். வார்டு தோறும் பட்டியலை உரக்கப் படிப்பதை விளவங்கோடு, நெய்யாற்றின்கரையிடம் கற்கலாம்.

அமெரிக்கா 1974இல் கொண்டுவந்த சமூக மேம்பாட்டு மானியத்தில் நகரங்களின் பங்கைக் கணக்கிடும் சூத்திரம் வறுமையோடு நிற்பதில்லை. வீடுகளில் உள்ள நெரிசலையும், 1940க்கு முன் கட்டிய வீடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்கிறது. வீட்டுக்கும் வயதாகும் என்பதை ஒப்புக்கொள்ளும் கணக்கு அது. 1972இன் சுவர்களுக்கு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த வயதுக்கும் சில மதிப்பெண் கொடுக்கக் கேரளத்துக்குப் புதிய சட்டம் தேவையில்லை. பட்டியலில் இன்னொரு கட்டம் போதும்.

சபையில் பெயர் படிக்கும்போது கை தூக்க ஆட்கள் உண்டு. விரிசல் விட்ட சுவருக்குக் கை கிடையாது. அதற்காக யாராவது எழுந்து பேச வேண்டும்.